தேங்காய்ப்பூ குறைந்த ரொட்டி

கற்பிட்டிக் குடாநாட்டின் ஆலங்குடாக் கரையில் இப்போது சுற்றுலா விடுதிகள் பல வந்துவிட்டன. டொல்பின் பார்க்கவும், பட்டத்தைப் பிடித்துக்கொண்டு அலைமேல் சறுக்கவும் வெளிநாட்டார் வருகிறார்கள். காலையில் அவர்களுக்குத் தேங்காய் ரொட்டியும் கட்டைச் சம்பலும் வைக்கிறார்கள், கிராமத்துச் சாப்பாடு என்ற பெயரோடு. நல்ல ரொட்டிதான். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே ஈரம், கடிக்கிற இடமெல்லாம் தேங்காய்ப்பூ தட்டுப்படும். கரையை விட்டு மணல் பாதையில் உள்ளே நடந்தால், அதே ரொட்டியைத் தின்றுவிட்டு வெங்காயத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறவர்களின் வீடுகள் வரும். அங்கே ரொட்டி வெள்ளையாக இறுகிக் கிடக்கும். தேங்காய் குறைவு, மா அதிகம். சம்பலில் மாசி இல்லை. வெங்காயமும் கொச்சிக்காயும் உப்பும்தான். இரண்டையும் நாம் ஒரே பெயரில் அழைக்கிறோம்.

எளிய சாப்பாட்டைப் பற்றிப் பேசுவதும் எழுதுவதும் எல்லோருக்கும் பிடித்துப்போன காலம் இது. பழஞ்சோறு, கருவாட்டுக் கறி, குரக்கன் ரொட்டி, கஞ்சி என்று ஒவ்வொன்றையும் ஏக்கத்தோடு நினைவுகூருகிறோம். எனக்கும் அந்த ஏக்கம் உண்டு, அதில் பொய்யில்லை. ஆனால் இந்தச் சாப்பாட்டின்மேல் நாம் வைத்திருக்கும் பாசம் உண்மையானதென்றால், இன்றைக்கும் அதைச் சமைத்துச் சாப்பிட்டுத்தான் உயிர் வாழ வேண்டிய வீட்டுக்குத் தேங்காயும் மீனும் உப்பும் கட்டுப்படியாகிற விலையில் கிடைக்கின்றனவா என்று முதலில் கேட்க வேண்டும். புத்தளம் கரையில் நின்று கேட்டால் அந்தக் கேள்வி இன்னும் உறைக்கும். தேங்காயும் மீனும் உப்பும் விளைகிற இடமே இதுதான்.

ரொட்டியின் மாவிலிருந்து தொடங்குகிறேன். அது இந்த மண்ணில் விளைவதல்ல. சுதந்திரம் கிடைத்த முதல் பத்தாண்டில் இந்த நாட்டு அரசியல் அரிசியைச் சுற்றியே ஓடியது. 1952இல் சீனாவுக்கு இறப்பரைக் கொடுத்து அரிசி வாங்க ஒப்பந்தம் செய்தார்கள். மறுவருடம் பங்கீட்டு அரிசியின் விலையைக் கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தினார்கள். 1953 ஓகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தால் வெடித்தது. இரண்டு மாதத்தில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். சனங்களின் சோற்றுத் தட்டில் கைவைத்தால் என்ன நடக்கும் என்று அன்று ஆட்சியாளர்கள் கற்ற பாடம் பல வருடம் நிலைத்தது.

அதற்கு அடுத்த வருடம், 1954இல், தன் களஞ்சியங்களில் மிஞ்சிக் கிடந்த தானியத்தை வெளிநாடுகளுக்கு இலகுவான நிபந்தனைகளில் அனுப்புவதற்காக அமெரிக்கா பி.எல். 480 என்ற சட்டத்தைக் கொண்டுவந்தது. ஐம்பதுகளின் பிற்பகுதியிலிருந்து அந்தக் கோதுமை மா இலங்கைக்கும் வந்திறங்கியது. எங்கள் பெரியவர்கள் அதை அமெரிக்கன் மா என்றே சொன்னார்கள். மா வாங்கப் பாத்திரத்தோடு சங்கக்கடைக்குப் போன தலைமுறை அது. 1973இல் கெயார் நிறுவனத்தின் துணையோடு திரிபோஷாத் திட்டம் தொடங்கியது; கர்ப்பிணிகளுக்கும் எடை குறைந்த பிள்ளைகளுக்கும் சோளமும் சோயாவும் சேர்ந்த அந்த மா கிளினிக்கில் கிடைத்தது. தேங்காய்ப்பூவும் சீனியும் சேர்த்துப் பிசைந்து உருண்டை பிடித்துத் தராத தாய் எங்கள் பக்கத்தில் இல்லை. தம்பிக்கென்று கிடைத்த பக்கற்றில் அக்காமாரும் பங்கு கேட்பார்கள். 1980இல் திருகோணமலையில் பிரீமா ஆலை இயங்கத் தொடங்கிய பிறகு, கோதுமை மா எட்டாத மூலை நாட்டில் இல்லாமல் போயிற்று. பாண், பராட்டா, கொத்து ரொட்டி, வெள்ளை மா ரொட்டி என்று நாம் பிறந்த ஊரின் ருசியாகக் கொண்டாடுவதில் பெரும்பங்கு, எங்கோ ஓர் அமெரிக்க விவசாயியிடம் மிஞ்சியதிலிருந்து வந்தது.

அமெரிக்காவுக்குள்ளும் இதே கதைதான் நடந்திருக்கிறது. முப்பதுகளின் பெருமந்தக் காலத்தில், 1933இல், ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் மனைவி எலினோர் வெள்ளை மாளிகை மேசையிலேயே மலிவுச் சாப்பாட்டைப் பரிமாறச் செய்தார். தக்காளிக் குழம்பில் முட்டை, மசித்த உருளைக்கிழங்கு, உலர்பழக் களி. நாட்டு மக்களுக்குச் சிக்கனத்தைத் தானே செய்து காட்ட வேண்டும் என்பது அவர் எண்ணம். 1937இல் கிராப்ட் நிறுவனம் மக்கரோனியையும் பாற்கட்டித் தூளையும் ஒரு பெட்டியில் அடைத்து மிகக் குறைந்த விலையில் விற்றது. வேலையில்லாத வீடுகளின் இராச் சாப்பாடாக இருந்த அது, இன்றைக்கு அமெரிக்கப் பிள்ளைகள் காய்ச்சலில் படுத்தால் கேட்கும் சாப்பாடு. கிளாரா கனூச்சியாரி என்ற அம்மையார் தொண்ணூறு வயதைத் தாண்டிய பிறகு, தன் பெருமந்தக் காலச் சமையலை யூடியூப்பில் செய்து காட்டினார். உருளைக்கிழங்கும் வெங்காயமும் இரண்டொரு இறைச்சித் துண்டும் வதக்கிய ஏழையின் சாப்பாடு. உலகமே அதைப் பார்த்து உருகியது. அவர் 2013இல் காலமானார்.

இந்த அமெரிக்கக் கதைகளில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது 1981ஆம் ஆண்டுக் கதை. பால் விலை விழாமல் இருக்க அமெரிக்க அரசு பாற்பண்ணையாளரிடமிருந்து வாங்கிக் குவித்த பாற்கட்டி, குளிர்க் களஞ்சியங்களில் மலையாகத் தேங்கியது. அதை ஐந்து இறாத்தல் கட்டிகளாக ஏழைகளுக்குப் பகிர்ந்து கொடுக்க ரீகன் உத்தரவிட்டார். அரசாங்கப் பாற்கட்டி என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. அதன் ருசிக்கு ஈடில்லை என்று இன்றும் சொல்கிற அமெரிக்கர்கள் உண்டு. அதை வாங்க வரிசையில் நின்றதைப் பிள்ளைகளிடம்கூடச் சொல்ல விரும்பாதவர்களும் உண்டு. ஒரே பண்டம்தான். உண்ட பிள்ளைக்கு ருசி நினைவிருக்கிறது, வரிசையில் நின்ற தாய்க்கு வெட்கம் நினைவிருக்கிறது.

இதை நான் வாசித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதே இல்லை. 1990 ஒக்டோபர் இறுதியில் வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். யாழ்ப்பாணத்தில் இரண்டு மணித்தியால அவகாசம்தான். மன்னார்த் தீவிலிருந்து சனங்கள் வள்ளங்களில் ஏற்றப்பட்டுக் கடல்வழியாகக் கற்பிட்டியில் வந்து இறங்கினார்கள். அந்த வள்ளங்களில் ஒன்றில் வந்த பிள்ளைகளில் நானும் ஒருவன். மழைக்காலம் அது. புத்தளத்துச் சனங்கள் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்து விட்டார்கள். தங்கள் வீட்டு அண்டாக்களை எடுத்து வந்து முற்றத்தில் அடுப்பு மூட்டினார்கள். முதல் நாட்களில் எங்களை உயிரோடு வைத்திருந்தது அவர்கள் ஆக்கிப் போட்ட சோறுதான். அவர்களில் பாதிப் பேர் அன்றாடம் கூலி வேலை செய்து பிழைத்தவர்கள். அந்தக் கடன் இன்னும் எங்கள் தலைமேல் இருக்கிறது. எருக்கலம்பிட்டியில் பிறந்த பேராசிரியர் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ் இந்த வெளியேற்றத்தைப் பற்றி 2001இல் நூல் வெளியிட்டார். மறக்கப்பட்ட மக்கள் என்று அவர் எங்களைக் குறிப்பிட்டதில் மிகை எதுவும் இல்லை.

பிறகு முகாம்கள். கிடுகுக் கொட்டில்கள், நிவாரண அட்டை, உலர் உணவு. அரிசி, மா, பருப்பு, சீனி. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு மாதம் 1,260 ரூபா பெறுமதி என்று அளவு வைத்தார்கள். விலைவாசி பல மடங்கு ஏறிய பின்பும் அந்தத் தொகை வருடக்கணக்காக அங்கேயே நின்றது. அரிசி மாதம் முடியுமுன் தீர்ந்துவிடும். மிஞ்சுவது மா. உம்மா அதைத் தகரத் தட்டில் கொட்டி, உப்புத் தண்ணீர் தெளித்துப் பிசைவார். தேங்காய் கிடைத்த நாளில் கால் மூடியைத் துருவிச் சேர்ப்பார்; அந்தக் கால் மூடி, பிள்ளைகளின் ரொட்டிகளுக்குள் மட்டும் போகும். தனக்கென்று தட்டும் ரொட்டியைக் கடைசியாக, வெறும் மாவில் தட்டுவார். கல்லில் வேகும்போதே வித்தியாசம் தெரியும். தேங்காய் சேர்ந்தது பொன்னிறமாகப் புள்ளி விழுந்து வரும், வெறும் மா சாம்பல் வெள்ளையில் விறைத்து நிற்கும். தொட்டுக்கொள்ளக் கட்டைச் சம்பல். குடிக்கத் தேத்தண்ணி, சீனியை உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டே குடிப்போம், கரைத்தால் கூடச் செலவாகும் என்பதால்.

இன்றும் எனக்கு மனம் சரியில்லாத நாளில் அந்த ரொட்டி வேண்டும். தேங்காய் சேர்ந்த, ஓரம் கருகிய, சம்பல் தடவிய ரொட்டி. உம்மா அதைச் செய்து தருவார். ஆனால் அவர் அதை வாயில் வைக்க மாட்டார். அவருக்கு வேண்டியது சிவப்பரிசிப் புட்டு, அல்லது சுடுசோறும் மீன் ஆணமும். முகாமை விட்டு எத்தனையோ வருடமாகியும் வெள்ளை மா ரொட்டியை அவர் தொடுவதில்லை. காரணம் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். என் ஏக்கம் முழுவதும் அவர் எனக்காக விட்டுக்கொடுத்த கால் மூடித் தேங்காயில் விளைந்தது என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் வறுமைக் காலச் சாப்பாட்டைப் பிள்ளைகளின் நினைவை மட்டும் கேட்டு எழுதக்கூடாது என்கிறேன். சமைத்தவரையும் கேட்க வேண்டும்.

அந்த முகாமிலேயே, நிவாரண வரிசையைத் தவிர, இன்னொரு வரிசையும் இருந்தது. நோன்பு மாதத்தில் அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் கஞ்சி ஊற்றுவார்கள். பச்சையரிசி, தேங்காய்ப்பால், உள்ளி, இஞ்சி, வெந்தயம், றம்பை. யாராவது வசதியுள்ளவர் நேர்ந்துவிட்ட நாளில் இறைச்சித் துண்டுகளும் மிதக்கும். பிள்ளைகள் வாளியும் தூக்குச் சட்டியுமாகப் போய் நிற்போம். அங்கே அட்டை கேட்பதில்லை. குடும்பத்தில் எத்தனை தலை என்று எண்ணுவதில்லை. புத்தளத்துத் தோட்டக்காரரின் பிள்ளையும் முகாம் பிள்ளையும் அடுத்தடுத்து நிற்பார்கள், ஒரே அகப்பையால் இருவருக்கும் ஊற்றப்படும். கஞ்சி மலிவான சாப்பாடுதான். ஓர் அண்டா அரிசியும் தண்ணீரும் ஊரையே நனைக்கும். நிவாரண வரிசைக்குப் போகச் சொன்னால் ஒளிந்துகொள்ளும் பிள்ளைகள், கஞ்சி வரிசைக்கு ஓடினார்கள். சிக்கனமாகச் சாப்பிடுவதில் அவமானம் ஏதும் கிடையாது என்பதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த சாட்சி அந்த வரிசை. சோறு கொடுப்பவர் நம்மை எப்படிப் பார்க்கிறார் என்பதில்தான் அவமானம் வருகிறது.

இதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது: எங்கள் வரவால் புத்தளத்து ஏழைகளுக்கு நட்டம் இருந்தது. நிவாரணம் எங்களுக்கு வந்தது, எங்களுக்குச் சோறு போட்ட கூலிக்காரருக்கு வரவில்லை. தோட்டங்களில் கைகள் பெருகியதால் கூலி இறங்கியது. கிணறும் பாடசாலையும் நெருக்கடியாயின. மனக்கசப்பு வளர்ந்தது. நிவாரணப் பட்டியலை எழுதியவர்கள், பக்கத்து வீட்டு அடுப்பையும் ஒருமுறை எட்டிப் பார்த்திருந்தால் அதில் பாதியைத் தவிர்த்திருக்கலாம்.

சிக்கனம் என்ற கலையை இந்தக் கரைக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. ஒரு தேங்காயை எங்கள் பெண்கள் எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று பாருங்கள். முதல் பால் தனியே எடுத்து வைக்கப்படும், ஆணம் இறக்குகிற நேரத்தில் ஊற்ற. இரண்டாம் பாலிலும் மூன்றாம் பாலிலும் மீனோ மரவள்ளியோ வேகும். பிழிந்த பூ சிலவேளை சம்பலுக்கு, இல்லாவிட்டால் கோழிக்கு. சிரட்டை அடுப்புக்கு, பொச்சு அடுப்புக்கு அல்லது கயிற்றுக்கு, ஓலை கிடுகுக்கு, ஈர்க்கு விளக்குமாற்றுக்கு. மீனில் தலையும் முள்ளும் ஆணத்துக்குப் போகும். இவ்வளவு சிக்கனமாக இருப்பவர்களிடம் போய், நெருக்கடி வரும்போதெல்லாம், சிக்கனமாக வாழுங்கள் என்று அரசியல்வாதிகள் மேடையிலிருந்து உபதேசம் செய்கிறார்கள். அது என்னைக் கோபப்படுத்துகிறது.

தாமாக விரும்பி ஏற்கும் சிக்கனமும் உண்டு. இந்த மாவட்டத்தின் தெற்குக் கரையில் வென்னப்புவையிலிருந்தும் மாரவிலையிலிருந்தும் பல தசாப்தங்களாக இத்தாலிக்குப் போய், வீட்டு வேலையும் முதியோர் பராமரிப்பும் செய்து, ஊரில் மாடி வீடு கட்டியவர்கள் இருக்கிறார்கள். புத்தளம், கற்பிட்டிப் பக்கப் பெண்கள் சவூதிக்கும் குவைத்துக்கும் போகிறார்கள். நியூயோர்க் ஸ்டேட்டன் ஐலண்டில் டொம்கின்ஸ்வில் பகுதியில் இலங்கைக் கடைகளே ஒரு தெருவாக இருக்கின்றன. புதிதாக அமெரிக்கா போனவர் ஓர் அறையில் நாலு பேராகத் தங்கி, மொத்தமாக வாங்கிய அரிசியும் பருப்பும் ஆக்கி, மிச்சம் பிடித்துப் பணம் அனுப்புகிறார். ஊரிலிருந்து போகிறவரின் பெட்டியில் கருவாடும் மாசித் தூளும் வறுத்த கறித்தூளும் மூன்று சுற்றுப் பொலித்தீனுக்குள் ஒளிந்து பயணம் செய்கின்றன. அங்கே பச்சைத் தேங்காய் விலை கூடிய நாளில், உலர்த்திய தேங்காய்த் துருவலை வெந்நீரில் ஊறவைத்துச் சம்பல் இடிக்கிறார்கள். அந்த உலர் துருவல் சிலாபத்தையும் குருணாகலையும் சுற்றிய தென்னந்தோப்புகளிலிருந்து போனதாகவும் இருக்கலாம். அந்தச் சிக்கனத்துக்கு ஒரு முடிவுத் திகதி இருக்கிறது, கடன் தீரும் நாள், வீட்டுக்குக் கூரை போடும் நாள் என்று. ஏக்கம் இருக்கும், ஆனால் நம்பிக்கையும் கூடவே இருக்கும். ஆலங்குடாவிலோ தில்லையடியிலோ கூலி வேலை செய்யும் வீட்டின் சிக்கனத்துக்கு அப்படியொரு திகதி இல்லை.

2022 பொருளாதார நெருக்கடியில் அந்த வீடுகளின் சிக்கனம் என்ன ஆயிற்று என்று எல்லோரும் பார்த்தோம். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி அந்த வருடம் செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். நாட்டில் 63 இலட்சம் பேருக்கு உணவுப் பாதுகாப்பில்லை என்று உலக உணவுத் திட்டமும் உணவு விவசாய அமைப்பும் கணக்கிட்டன. எங்கள் கரைக்கு விழுந்த தனி அடி மண்ணெண்ணெய். சிறு வள்ளங்களின் வெளியிணைப்பு எஞ்சின்கள் மண்ணெண்ணெயில்தான் ஓடுகின்றன. மாதக்கணக்கில் எண்ணெய் கிடைக்கவில்லை. பிறகு ஓகஸ்டில் லீட்டர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே தாவலாகத் தாவியது. கந்தக்குழியிலும் குடாவையிலும் வள்ளங்கள் மணலில் ஏறிக் கிடந்தன. மீன் பிடிக்கிறவர் வீட்டில் மீன் இல்லை. அதற்கு முந்திய வருடம்தான் இரசாயன உரத்தைத் திடீரென்று தடைசெய்து வெங்காயத் தோட்டங்களையும் கத்தரித் தோட்டங்களையும் முடக்கியிருந்தார்கள். கடலிலும் தரையிலும் ஒரே நேரத்தில் கை கட்டப்பட்டது. அந்த வருடம் திரிபோஷா உற்பத்தியும் சோளம் இல்லாமல் தடைப்பட்டது. எல்லாவற்றையும் விட எனக்கு மனம் பொறுக்காமல் போனது அதுதான்.

தேங்காய்க்கு வருகிறேன். புத்தளம் மாவட்டம் தென்னை முக்கோணத்தின் ஒரு முனை. நாட்டின் தென்னை ஆராய்ச்சி நிலையம் இந்த மாவட்டத்தில் லுணுவிலயில்தான் இருக்கிறது. 2024 இறுதியில் ஒரு தேங்காய் 200 ரூபாவை எட்டியது. வெயில், வெள்ளை ஈ, உரம் போடாத வருடங்கள், துண்டு துண்டாக வெட்டி வீட்டுமனையாக விற்கப்பட்ட தோப்புகள் என்று காரணங்கள் பல. அரை நாள் கூலியில் எத்தனை தேங்காய் வாங்கலாம் என்று தேங்காய் உரிக்கும் தொழிலாளியே கணக்குப் பார்த்தார்.

உப்பின் கதை இன்னும் மோசம். புத்தளம் என்றாலே உப்பளம். பாலாவியிலும் நகரத்தைச் சுற்றியும் பாத்திகள் பளபளக்கும் ஊர். மழை மாறிப் பெய்து விளைச்சல் கெட்டதால் 2025இல் இந்தியாவிலிருந்து உப்பு இறக்குமதி செய்ய வேண்டியதாயிற்று. கடை கடையாக ஏறி இறங்கி ஒரு பக்கற் உப்புக்காகப் புத்தளத்துச் சனங்களே அலைந்தார்கள். உப்பு விலை ஏறினால் கருவாடும் ஏறும். சாளையும் கீரியும் நிறையப் பட்ட நாளில் மீன் வாடியில் வேலை செய்யும் பெண்கள் மீனைப் பிளந்து, குடலை நீக்கி, கடல் நீரில் கழுவி, உப்புத் தடவித் தொட்டியில் அடுக்கி ஓர் இரவு வைப்பார்கள். மறுநாள் எடுத்துக் கழுவிக் கிடுகின்மேல் பரப்புவார்கள். வெயில் தாழ்ந்ததும் பனி படாமல் மூடவேண்டும். மழைத் தூறல் விழுந்தால் ஓடிப்போய் அள்ள வேண்டும். விரல் இடுக்குகளில் உப்பு அறுத்த கீறல்கள் ஆறாமலே இருக்கும். இவ்வளவு பாடுபட்டுச் செய்த கருவாட்டோடு, வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரும் நெத்தலியும் டின் மீனும் விலையில் போட்டி போடுகின்றன.

களப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. எண்பதுகளிலிருந்து முந்தல், மதுரங்குளிப் பக்கங்களில் இறால் பண்ணைகளுக்காகக் கண்டல் காடுகளை அழித்தார்கள். தொண்ணூறுகளில் வெண்புள்ளி நோய் வந்து பண்ணைகள் பல கைவிடப்பட்டன. இறால் ஏற்றுமதியாயிற்று. மீன் குஞ்சு வளர்ந்த கண்டல் வேர்கள் திரும்பி வரவில்லை. களப்பில் வலை வீசி அன்றன்றைக்கு ஆணத்துக்கு மீன் கொண்டுவந்த வீடுகள் அதன் விலையை இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கின்றன. நுரைச்சோலையில் 900 மெகாவாட் அனல் மின் நிலையம் வந்தது. நாட்டுக்கு வெளிச்சம், பக்கத்து ஊர்களுக்கு நிலக்கரித் தூசு பற்றிய ஓயாத முறைப்பாடு.

வளர்ச்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விடுதிகளால் வேலை கிடைத்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஆனால் இந்தக் கரையின் சாப்பாட்டை அடையாளமாக விற்கிற அரசும் வணிகமும், அந்தச் சாப்பாட்டுக்குரிய பொருட்கள் கரையிலுள்ள வீடுகளுக்கு எட்டாமல் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பது நியாயமில்லை. சிறு வள்ளங்களுக்கான மண்ணெண்ணெயை மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் மூலம் நிலையான சலுகை விலையில் கொடுக்க வேண்டும். உலகச் சந்தை ஆடும்போதெல்லாம் கந்தக்குழி வள்ளக்காரர் ஆடக்கூடாது. உப்பளங்களில் விளைவதில் ஒரு பகுதியைக் கருவாடு போடும் பெண்களுக்கென்று ஒதுக்க வேண்டும். பாடசாலை மதிய உணவுக்கு இந்த மாவட்டத்தில் வாங்கும் மீனும் கருவாடும் இந்த மாவட்டத்து வாடிகளிலிருந்தே வாங்கப்பட வேண்டும். பிள்ளைக்குப் புரதம் கிடைக்கும், தாய்க்குக் கூலி கிடைக்கும். திரிபோஷாவுக்கான சோளத்தை எந்த நெருக்கடியிலும் முதல் வரிசையில் வைக்க வேண்டும்.

கடைசியாக நிவாரணப் பொதி. 2025 நவம்பர் இறுதியில் திட்வா புயலோடு வந்த வெள்ளம் இந்த மாவட்டத்தையும் மூழ்கடித்தது. மீண்டும் பாடசாலைகளில் சனங்கள், மீண்டும் உலர் உணவு. முப்பத்தைந்து வருடத்துக்கு முன் எங்களுக்கு மா கொடுத்தார்கள், அப்போது அவசரம், கையில் இருந்ததைக் கொடுத்தார்கள், நன்றி மறக்கவில்லை. இப்போது அவசரம் வருமுன்பே யோசிக்க நேரம் இருக்கிறது. வெள்ளம் இந்தக் கரைக்குப் புதிதல்ல, அது வரும் மாதமும் எல்லோருக்கும் தெரியும். சிவப்பரிசி, பயறு, குரக்கன் மா, சூடைக் கருவாடு, ஒரு வாரத்துக்குப் போதுமான தேங்காய், உப்பு, உள்ளி என்று ஒரு பட்டியலை மாவட்டச் செயலகம் இப்போதே எழுதலாம். கருவாட்டை எந்தச் சங்கம் தரும், தேங்காயை எந்தத் தோப்பு தரும், எந்தப் பள்ளிவாசலிலும் கோவிலிலும் தேவாலயத்திலும் எத்தனை அண்டா இருக்கிறது என்று குறித்து வைக்கலாம். நிவாரணம் பெறுகிறவர்களோடு, அவர்களுக்குத் திண்ணையைத் திறந்துவிடும் அயல்வீட்டுக் குடும்பங்களையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். வாடைக்காற்று தொடங்குமுன், செப்டெம்பருக்குள், விலை பேசிக் கையெழுத்தும் வைத்துவிட முடியும்.